கல் வராதவர்

தன்னிடம் கரைத்த பாவங்களையெல்லாம் தாமிரபரணி திருப்பிக் கொண்டுவந்து போட்ட வருஷத்தில், வினைதீர்த்தான்குறிச்சியில் எல்லோருக்கும் கல் வந்தது, குற்றாலலிங்கத்துக்கு மட்டும் வரவில்லை. இதைப் பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிக்கக் கற்றுக்கொள்ள அவருக்கு ஏழு மாதம் பிடித்தது.

குற்றாலலிங்கம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நதி நீராடுவோர் சங்கத்துக்குச் செயலாளர். நாற்பத்தொரு வருஷமாக ஒருநாள் தவறாமல் ஆற்றில் குளித்தவர். வெள்ளம் வந்த வருஷத்தில்கூட இடுப்பில் தாம்புக்கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் படித்துறை மருதமரத்தில் முடிந்துவிட்டு இறங்கியவர். லஞ்சம் வாங்கியதில்லை, பீடி தொட்டதில்லை, பொய் சொன்னதில்லை, அடுத்தவர் காரியத்தில் தலையிட்டதில்லை என்று நாலு இல்லைகளை அவர் வைத்திருந்தார். அவற்றை யாரும் கேட்காமலே சொல்லுவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆள் இறங்கும் ஊர் வருவதற்குள் நாலையும் சொல்லி முடித்துவிடுவார்.

அந்த ஆற்றை ஊர் எதற்குத்தான் பயன்படுத்தவில்லை? விடியுமுன் குளித்தார்கள், விடிந்தபின் துவைத்தார்கள், மாட்டையும் டிராக்டரையும் ஒரே துறையில் இறக்கிக் கழுவினார்கள், வாழைக்கும் நெல்லுக்கும் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சினார்கள், குழாய் போட்டுக் குடித்தார்கள், குடித்ததின் மிச்சத்தைச் சாக்கடை வழியாக அதற்கே திருப்பி விட்டார்கள், பிள்ளைக்கு முதல் மொட்டை அடித்த முடியையும் அப்பனைக் கடைசியாக எரித்த சாம்பலையும் அதில்தான் போட்டார்கள், வைத்தியர் கைவிரித்ததும் ஜோசியர் சொன்னபடி உடுத்திய வேட்டியோடு முங்கி வேட்டியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தார்கள், இத்தனைக்கும் நடுவே மூன்று முங்கு போட்டால் போதும் என்று செய்த பாவத்தையும் அதன் தலையில் கட்டிவிட்டு, ஈரத்தைத் துவட்டிக்கொண்டு, புதிதாகச் செய்யப் போனார்கள். ஆறும் ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் வந்து முங்கிப் போன மறுநாள் காலை, வீட்டு வாசல்தோறும் கல் கிடந்தது. ஆற்றுக் கல். உருண்டையாக, வழவழப்பாக, அடியில் பாசி பிடித்து, வெயில் ஏறிய பிறகும் காயாமல் சொட்டச் சொட்டக் கிடந்தது. சில வாசலில் மூன்று, சில வாசலில் முப்பது. எலுமிச்சம்பழ அளவும் இருந்தது, பூசணிக்காய் அளவும் இருந்தது. வெளியூர்க்காரர்களின் கற்கள் பஸ் ஸ்டாண்டில், அந்தந்த ஊர் பஸ் நிற்கும் இடத்தில், வரிசையாகக் கிடந்தன.

முதல் கல்லை எடுத்தவன் டீக்கடை இசக்கி. கடைப் பலகையைத் திறக்க இடைஞ்சலாக இருக்கிறதே என்று குனிந்து தூக்கினான். தூக்கியதும் கல், இசக்கியின் குரலிலேயே, எதிர்வரிசை வரைக்கும் கேட்கும்படி, "காலையில மொத டீக்கு மட்டுந்தான் பாலு. மத்ததுக்கெல்லாம் பாலுன்னு பேரு" என்றது. சொல்லிவிட்டு உலர்ந்து வெறும் கல்லாகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் கையிலிருந்த கிளாசைப் பார்த்தார்கள், இசக்கியைப் பார்த்தார்கள், பிறகு மிச்ச டீயைக் குடித்தார்கள். வேறு டீக்கடை ஊரில் இல்லை.

மத்தியானத்துக்குள் விவரம் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. யாருடைய கல்லோ அவர் தொட்டால்தான் அது அசையும். மற்றவர்கள் எத்தனை பேர் சேர்ந்து நெம்பினாலும் அசையாது. தூக்கினால் சொல்லும். தூக்காவிட்டால் ஈரம் காயாது, வாசல் வழுக்கிக்கொண்டே இருக்கும். பேரூராட்சியிலிருந்து ஜேசிபி வந்தது. கவுன்சிலர் வீட்டு வாசலில் கிடந்த கற்களை அள்ளப் பார்த்து ஜேசிபியின் கைதான் வளைந்தது. தாலுகா ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து, இதைக் கனிமமாக எழுதுவதா கழிவாக எழுதுவதா என்று தெருவில் நின்றே வெகுநேரம் வாதாடினார்கள். திரும்பிப் போக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது அங்கே தங்களுக்கும் கல் கிடந்ததால் பிறகு அவர்கள் வரவில்லை.

ஆறு ஏன் இப்படிச் செய்தது என்று யாரும் ரொம்ப யோசிக்கவில்லை. "இடம் பத்தலையா இருக்கும்" என்றான் இசக்கி. அது எல்லோருக்கும் போதுமான காரணமாகப் பட்டது.

முதல் வாரம் ஊர் வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டது. கல்லைக் கிணற்றில் போட்டவர்களும் உண்டு, வாழைத்தோட்டத்தில் புதைத்தவர்களும் உண்டு; மறுநாள் காலை அது சொட்டச் சொட்ட வாசலில் வந்து நிற்கும், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகப் பேசும். இரண்டாவது வாரம், எல்லோருக்கும்தான் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் வெட்கம் மெலிந்தது. மூன்றாவது வாரம் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். இருபது வருஷமாகப் பேசாத அண்ணனும் தம்பியும், இருவர் கல்லும் ஒரே வரப்பைப் பற்றி ஒரே பொய்யைச் சொன்னதைக் கேட்டு, முதலில் அடித்துக்கொண்டு பிறகு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உலர்ந்த கற்களைத் துவைகல்லாகப் போட்டார்கள், தொழுவத்துக்குத் தளம் பாவினார்கள், காற்றுக்குப் பறக்காமல் கூரை ஓரத்தில் ஏற்றி வைத்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு "மாப்பிள்ளைக்கு எத்தனை கல்லு?" என்று கேட்டார்கள். நிறைய என்றால் யோசித்தார்கள். கொஞ்சம் என்றால் இன்னும் அதிகமாக யோசித்தார்கள். சங்கத் தலைவர் பூதலிங்கம், ரைஸ்மில் முதலாளி, தனக்கு வந்த நூற்றுப்பதினாறு கற்களையும் மில் வாசலில் இரண்டு தூணாகக் கட்டி, மேலே வரவேற்பு வளைவு ஒன்றை வைத்துவிட்டார். ஆள் ஒன்றை மறைத்தான் என்று இனி யாரும் சொல்ல முடியாதல்லவா?

குற்றாலலிங்கத்தின் வீட்டு வாசலில் பதினொரு கல் கிடந்தது. அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. நிமிர்ந்து நின்று உள்ளே பார்த்து, "உலகம்மை, ஒனக்குத்தான்" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை.

மனைவி உலகம்மை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். அவர் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, கோர்ட்டில் உட்காருகிறவரைப் போல உட்கார்ந்தார். முதல் கல் "பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையைக் கேக்காமப் பறிச்சேன்" என்றது. ஐந்தாவது கல் "அத்தை படுக்கையில கெடந்தப்போ, சீக்கிரம் போயிரட்டும்னு நெனச்சேன்" என்றது. அதைக் கேட்டு அவள் கல்லை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதாள். ஒன்பதாவது கல் "இவுக பாடுதது நல்லாருக்குன்னு சொன்னேன். முப்பத்தஞ்சு வருசமாச் சொல்லுதேன்" என்றது. தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். உலகம்மையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். குற்றாலலிங்கம் பெரிய மனசு பண்ணி, பதினொன்றையும் மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்கவே இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு நல்ல காலம். இரண்டு பஸ் மாறி வந்துகூட அவரைப் பார்த்தார்கள். ஒரு பாவமும் இல்லாத ஆள் எப்படி இருப்பார் என்று பார்க்க வந்தவர்கள், அவர் சாதாரணமாக, கொஞ்சம் தொப்பையோடு, இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்துச் சற்று ஏமாந்தார்கள். அவர் நாலு இல்லைகளையும் விளக்கிச் சொன்னார். ஆவணி முழுக்கச் சொன்னார். புரட்டாசியில் கேட்கிறவர்கள் குறைந்தார்கள். ஐப்பசியில், அவர் கடைத்தெருவில் நடந்தால் பேச்சு நிற்கத் தொடங்கியது. எல்லோரும் எல்லோரையும் பற்றித் தெரிந்துகொண்டு விட்ட ஊரில், யாருக்கும் தெரியாத ஒருவர் நடந்து போவது எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது. கார்த்திகை வந்ததும் சங்கடம் இரக்கமாக மாறியது.

"பாவம், சாருக்கு ஒரு பாவமும் இல்லையாம்" என்றாள் பால்காரி செல்லத்தாய், உலகம்மையிடம், அவர் காதுபடவே. "ஒரு சின்னக் கல்லுகூடவா அக்கா வரல?"

"பாத்துட்டேன் தாயி. சல்லிகூட இல்ல."

அதே மாதம் நீராடுவோர் சங்கக் கூட்டத்தில் பூதலிங்கம் தொண்டையைச் செருமினார். "சார்வாள் தப்பா நெனைக்கக் கூடாது. சங்கத்துல எல்லாரும் மனசுவிட்டுப் பேசிக்கிடுதோம். நீங்க இருந்தா ஒரு மாதிரி இருக்கு. செயலாளர் பொறுப்பைக் கொஞ்சநாள் வேற ஆள் பாக்கட்டுமே."

நாற்பத்தொரு வருஷம் சுத்தமாக இருந்ததற்கு இதுதான் கூலியா என்று குற்றாலலிங்கத்துக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, ஏதாவது ஒன்றாவது இருக்கும் என்று தன்னையே உற்றுப் பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை. அப்படியானால் இனிமேல் செய்வதுதான் வழி என்று முடிவு செய்தார்.

பாவம் செய்வது அத்தனை சுலபமில்லை என்று அறுபத்தாறாவது வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. கோவில் மதிலுக்குப் பின்னால் நின்று ஒரு பீடியைப் பற்றவைத்தார். இரண்டாவது இழுப்பில் இருமி, கண்ணில் தண்ணீர் வழிய, அந்த வழியாக வந்த பட்டர்தான் முதுகைத் தட்டிவிட்டு வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார். சந்தையில் ஒரு கத்தரிக்காயை எடுத்துப் பைக்குள் போட்டார். காய்க்காரி பார்த்துவிட்டு, "ஒண்ணு எதுக்கு சார், இந்தாங்க, நாலா எடுத்துக்கிடுங்க" என்று மேலும் மூன்றைப் போட்டுவிட்டாள். இவற்றையெல்லாம் மறுநாள் விடிகாலையில் ஆற்றில் முங்கிக் கரைத்துப் பார்த்தார். ஆறு கண்டுகொள்ளவே இல்லை.

மார்கழியில் அவர் செய்த காரியத்தைத்தான் பின்னாளில் சொல்லும்போது முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வார். ஊருக்கு மேற்கே பொத்தை என்கிற சின்னக் குன்றில் கிடந்த ஒரு கல்லை, நல்ல கனமான கல்லாகப் பார்த்து, சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, ஆற்றுப் பாசியைத் தடவி, தண்ணீர் ஊற்றி, தன் வாசலில் வைத்தார். காலையில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, தெரு கேட்க, "அட, வந்துட்டா!" என்றார். நாலைந்து பேர் கூடினார்கள். அவர் குனியப்போகும் சமயம், பால் கொண்டுவந்த செல்லத்தாய், வழியில் கிடந்த கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு, படியேறி, பாலை ஊற்றினாள்.

அடுத்தவர் கல்லைக் காலால் ஒதுக்க முடியாது என்பது ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கூடியவர்கள் மேகத்தைப் பார்த்தார்கள், மழை வரும்போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு கலைந்தார்கள். உலகம்மை அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். இரக்கத்தால்தான்.

தை பிறந்து பொங்கல் முடிந்த வாரம், சுடலைமுத்து ஊருக்குத் திரும்பினான்.

சுடலைமுத்து ஒருகாலத்தில் அதே பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்தவன். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்து வெண்கல மணி காணாமல் போனது. அவன்தான் திருடினான் என்று விசாரணை நடத்தி வேலையைவிட்டு நீக்கினார்கள். பிறகு எங்கேயும் காவல் வேலை கிடைக்கவில்லை. செங்கல் சூளையில் மண் சுமந்தான், இப்போது ஆடு வளர்க்கிறான். கல் வந்த சமயத்தில் அவன் தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருந்ததால், அவன் வாசலில் கிடந்த ஒன்பது கல்லும் ஆறு மாதமாக ஈரம் காயாமல் காத்திருந்தன.

அவன் வந்துவிட்டான் என்றதும் ஊரே வாய்க்காலைத் தாண்டிப் போய் அவன் குடிசை முன்னால் கூடிவிட்டது. மணியைப் பற்றி எந்தக் கல் சொல்லப்போகிறது என்பதுதான் எல்லோருக்கும் ஆவல். பூதலிங்கம் ஐந்தாவது கல் என்றார், இசக்கி கடைசிக் கல் என்றான். குற்றாலலிங்கமும் போனார். கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

சுடலைமுத்து பையை இறக்கி வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான். அவசரப்படாமல் ஒவ்வொன்றாக எடுத்தான். முதல் கல் சூளையில் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னதைச் சொன்னது. இரண்டாவது, குடித்துவிட்டு வந்து பெஞ்சாதி பேச்சியை அடித்ததைச் சொன்னது. மூன்றாவதும் அதையே சொன்னது. அப்போது அவன் தலை குனிந்தது. நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. அடுத்தவன் வயலில் ஆட்டை விட்டது, மகள் கல்யாணத்தில் சம்பந்தியை ஏசியது, முருகன் கோவிலுக்கு நேர்ந்ததைச் செய்யாமல் விட்டது. ஒன்பதாவது கல், "பேச்சி சாகுததுக்கு மொத நா தண்ணி கேட்டா. இரு வாரேன்னேன். நான் போவுததுக்குள்ள ஒறங்கிட்டா" என்றது.

அவ்வளவுதான். மணி இல்லை. ஒன்பது கல்லும் உலர்ந்து கிடந்தன, சுடலைமுத்துவின் கை மட்டும் ஈரமாக இருந்தது.

கூட்டத்தில் ஒருவர் மெதுவாக, "அப்போ மணிய எடுத்தது யாரு?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஏழெட்டு உண்டு. செத்துப்போனவர்களின் கற்கள் அந்த வாசல்களில் தூக்க ஆளில்லாமல் நனைந்துகொண்டு கிடந்தன. அதில் ஒன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டு போய்விட்டார்கள்.

வேப்பமரத்தடியில் நின்றவருக்கு மட்டும் தெரியும், எடுத்தது யார் என்று. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் ஐந்து மணி, பள்ளிக்கூடம் விட்டுவிட்டது, ஆபீஸ் ஜன்னலைச் சாத்தப் போனவர், பள்ளி மேனேஜரின் மச்சினன் மணியைச் சாக்கில் சுற்றிக் காரில் ஏற்றுவதைப் பார்த்தார். மணியின் நாக்கு சாக்குக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னலைச் சாத்தினார். விசாரணையில் அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார் என்றுதான் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தார். விசாரணைக் குறிப்பை அவர்தான் டைப் அடித்தார். மேனேஜர் கையால் எழுதிக் கொடுத்த தாளில் ஒரு வரியைக் கன்னங்கரேலென்று மைபோட்டு அடித்திருந்தது. அந்த வரி என்னவென்று அவர் உற்றுப் பார்க்கவில்லை. அடுத்தவர் காரியத்தில் தலையிடுவதில்லை. நீக்க உத்தரவையும் அவர்தான் அடித்தார், நாலு நகல், பிழையில்லாமல். பிறகு மறுநாள் காலை ஆற்றுக்குப் போய், கைகூப்பி நின்று, என்னிடம் விடுவதற்கு ஒன்றுமில்லை தாயே என்று மூன்று முங்கு முங்கிவிட்டு வந்தார். கொடுக்காததை ஆறு எப்படித் திருப்பித் தரும்?

முதலில் அவருக்கு வந்தது கோபம்தான், அதுவும் சுடலைமுத்துவின் மேல். இவன் தூத்துக்குடியிலேயே இருந்திருக்கக் கூடாதா? இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினார்.

சுடலைமுத்து ஆடுகளுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தார். தன்னைவிட நாலு வயது மூத்த மனுஷனை இத்தனைநாள் மனசுக்குள்ளும் அவன் இவன் என்றே நினைத்துவந்ததைக் குற்றாலலிங்கம் அப்போதுதான் கவனித்தார்.

"வாங்க சார். இங்கன உக்காருங்க, அங்க வெயிலு."

குற்றாலலிங்கம் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமுடியாது என்று தோன்றியது. "அந்த மணி..." என்று ஆரம்பித்தார். ஆட்டுக்குட்டி ஒன்று வந்து அவர் வேட்டி நுனியைக் கடித்தது. "மேனேஜர் மச்சினன் எடுத்துட்டுப் போனதை நான் பாத்தேன். ஆபீஸ் ஜன்னல்ல நின்னு பாத்தேன்."

"தெரியும் சார்."

"எப்படி?"

"நீங்க ஜன்னல்ல நின்னதை நான் பாத்தேம்லா? கெணத்தடியில நின்னேன். சாக்குல என்னன்னு அப்போ எனக்குத் தெரியல. மறுநா மணியக் காணோம்னதும் வெளங்கிச்சு. வெசாரணையில சொன்னேன். வேற யாரு பாத்தான்னாங்க. ஹெட் கிளார்க் சார் பாத்தாங்க, அவங்களக் கேளுங்கன்னேன்." அவர் குழையைக் கட்டி முடித்து முடிச்சை இறுக்கினார். "ஒங்களக் கேக்கவே இல்லையோ?"

மைபோட்டு அடித்த வரி எது என்று குற்றாலலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. அவர் தலையை ஆட்டினார், இல்லை என்றா ஆமாம் என்றா என்று அவருக்கே விளங்காமல்.

"பேச்சிதான், நீங்க தெருவுல போவும்போதெல்லாம், சார் இன்னைக்கு வருவாரும்பா. ஆறேழு வருசம் சொன்னா. பொறவு சொல்லுததை விட்டுட்டா. அவ போயி எட்டு வருசம் ஆச்சு."

"நான் இப்போ என்ன செய்யணும் சுடலை?"

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார் சுடலைமுத்து. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று திரும்பி நடக்கும்போது குற்றாலலிங்கம் நினைத்தார்.

மறுநாள் காலை படித்துறையில், இடுப்பளவு தண்ணீரில் நின்று, சங்கத்தார் பதினெட்டுப் பேர் முன்னால் சொன்னார். ஜன்னலைச் சொன்னார், சாக்கைச் சொன்னார், டைப் அடித்ததைச் சொன்னார்.

பதினெட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூதலிங்கம் நீந்தி வந்து அவர் தோளில் கை வைத்தார். "சார்வாள், போன மாசம் பொத்தையில இருந்து கல்லு, இந்த மாசம் பள்ளிக்கூடத்து மணியா? கல்லு இல்லேன்னா இல்லைன்னு இருந்துட்டுப் போங்களேன். நாங்க ஒண்ணும் நெனைக்கல."

"நெசமாத்தான் சொல்லுதேன்!"

"நெசம்னா கல்லு எங்க?"

"அது வராது. நான் அதை ஆத்துல விடவே இல்ல."

"வசதியாப் போச்சு" என்றார் பின்னாலிருந்து ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. ஒரு பாவத்துக்காக இந்த மனுஷன் இப்படி அலைகிறாரே என்கிற அனுதாபம்தான்.

டீக்கடையில் சொன்னார். இசக்கி, "முழுப் பால்லயே போடுதேன் சார், குடிங்க" என்று ஒரு டீ கொடுத்தான். பஸ் ஸ்டாண்டில் சொன்னார். கவுன்சிலரிடம் சொன்னார், அவர் திருநெல்வேலியில் நல்ல நரம்பு டாக்டர் ஒருவர் பெயரை எழுதிக் கொடுத்தார். நாற்பத்தொரு வருஷமாக உத்தமர் என்று தானே ஊர் காதில் ஓதி ஓதி ஏற்றியதை இப்போது ஒரு வாரத்தில் இறக்க முடியவில்லை. அவரை நம்பியது உலகம்மை ஒருத்திதான். "இந்த மாதிரி ஒண்ணு ஒங்ககிட்ட இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நாலு இல்லையச் சொல்லும்போது கடைசி இல்லைக்கு மட்டும் கொரலு ஏறும்."

பத்தாவது நாள், தை அமாவாசை. படித்துறை நிறைந்திருந்தது. குற்றாலலிங்கம் அன்றும் தண்ணீரில் நின்று, தொண்டை கட்டிய குரலில், பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ, ஜன்னலில் ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு காதைக் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேல்படியில் சுடலைமுத்து வந்து நின்றார். அவர் எப்போதும் கீழே சுடுகாட்டுத் துறையில் குளிக்கிறவர். இந்தப் படியில் அவரை யாரும் பார்த்ததில்லை. தோளில் கிடந்த துண்டை இறக்கி இடுப்பில் கட்டவில்லை, தோளிலேயே போட்டிருந்தார்.

"சார் சொல்லுதது நெசம்" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார், ஆனால் மணி அடித்தே பழகிய ஆள் நின்ற இடத்திலிருந்து கடைசிப் படிவரைக்கும் கேட்டது. "அன்னைக்கு சார் ஜன்னல்ல நின்னாங்க. நான் கெணத்தடியில நின்னு பாத்தேன்."

மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். பூதலிங்கம் கையில் எள்ளோடு எழுந்து நின்றார். சுடலைமுத்துவின் ஒன்பது கல்லையும் ஊரே கேட்டிருக்கிறது; அந்த வாயிலிருந்து வருவது பொய்யாக இருக்க வழியில்லை.

"ஏ சுடலை, ஒன்னையத் திருடன்னு டைப் அடிச்ச மனுசனுக்கு நீ எதுக்குவே சாட்சி சொல்ல வாரே?" என்றார் பூதலிங்கம்.

"பாத்தவன் சொல்லணும்லா" என்றார் சுடலைமுத்து. "அதான் வந்தேன்."

சொல்லிவிட்டு, ஆடுகளுக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பி நடந்தார்.

குற்றாலலிங்கம் தண்ணீருக்குள் அப்படியே நின்றார். ஊர் முழுக்கத் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. இத்தனை மாதமாக அவர் ஏங்கிய பார்வை, வந்தபிறகு அது தாங்கமுடியாததாக இருந்தது. படியேறினார். உடை மாற்றவில்லை, தலை துவட்டவில்லை. ஈரவேட்டி காலில் சடசடவென்று அடிக்க, ரதவீதி வழியாக, இசக்கி கடையைத் தாண்டி, பள்ளிக்கூடத்துக்குள் போய், ஆபீஸ் வாசலில் நின்றார். பின்னாலேயே பாதி ஊர் வந்தது.

அவருடைய பழைய நாற்காலியில் இருந்த பெண் திடுக்கிட்டு எழுந்தாள். புது கிளார்க், ஆடியில் தனக்கு வந்த ஏழு கல்லில் ஒன்றை மேஜையில் பேப்பர் வெயிட்டாக வைத்திருந்தாள்.

"ஒரு வெள்ளைத்தாள் குடும்மா."

"எதுக்கு சார்?"

"ஒரு சாட்சி வாக்குமூலம் இருக்கு. கொஞ்சம் லேட்டாயிட்டு."

அவள் தாளைக் கொடுத்தாள். அவர் உட்காராமல் குனிந்து, மேஜை நனைந்துவிடாதபடி இடது கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, மேலே தேதியைப் போட்டார், தன் பெயரை எழுதினார். ஜன்னல் திறந்திருந்தது. கிணற்றடி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. கொஞ்சநேரம் வெளியே பார்த்துவிட்டு, 'நான் பார்த்தேன்' என்று முதல் வரியைத் தொடங்கினார். முழங்கையிலிருந்து சொட்டிய ஆற்றுத் தண்ணீரில் மை கலங்கியது. வேறு தாள் கேட்டு வாங்கி, மறுபடியும் முதலிலிருந்து எழுதினார்.